கைடு ஸ்கோப் வாங்கப் போகிறீர்களா? ஒரு நிமிடம்!



ஆண்டு மலரில் எழுதச் சொன்னதும், வழக்கம்போல் கவிதையா, ஜோக்கா என்று யோசித்தேன். கடைசியில், நான் பட்ட அவஸ்தையையே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். காரணம் இருக்கிறது. நம் வானவியல் குழுவில் பதினொரு பேர் கை போட்டுச் சேர்த்த பணத்தை ஒரே நாளில் வீணாக்கிய பெருமை எனக்கு உண்டு. அந்தத் தப்பை அடுத்த செட் மாணவர்கள் செய்யக்கூடாது.

விஷயம் இதுதான். இரவு வானத்தைப் போட்டோ எடுக்க ஒரு டெலஸ்கோப், ஒரு கேமரா, நட்சத்திரங்களோடு சேர்ந்து திரும்பும் ஒரு மவுண்ட் இவை எங்களிடம் சேர்ந்திருந்தன. அடுத்து வேண்டியது கைடு ஸ்கோப், அதாவது வழிகாட்டித் தொலைநோக்கி. "பெரிசா வாங்கினாத்தான் துல்லியமா இருக்கும்" என்று அடம் பிடித்தவன் நான். நண்பன் ஒருவன் மட்டும், "பெரிசா இருந்தா போதுமாடா? ஆடாம இருக்கணும்ல?" என்றான். அவன் வீட்டில் தறி ஓடுகிறது. விடுமுறை நாட்களில் அப்பாவுக்குத் துணையாகத் தறியில் உட்கார்ந்து சம்பாதித்த காசைத்தான் அவன் கொடுத்திருந்தான். எல்லோரும் சிரித்தோம். கடைசியில் அவன் சொன்னதுதான் சரியாகப் போயிற்று.

கைடு ஸ்கோப் எதற்கு?

பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் ஒரு வினாடிக்கு 15 விகலை நகர்கின்றன. (பஞ்சாங்கம் பார்க்கும் வீடுகளில் இது தெரிந்த கணக்கு. ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை.) 5 நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்தால் நட்சத்திரம் ஒன்றேகால் பாகை நகர்ந்துவிடும். முழு நிலாவின் அகலமே அரைப் பாகைதான் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்த நகர்வை ஈடு செய்யத்தான் மவுண்டில் மோட்டார் இருக்கிறது.

மோட்டார் இருந்தும் ஏன் கைடு ஸ்கோப்? மவுண்டுக்குள் இருப்பது வார்ம், வார்ம் வீல். மெக்கானிக்கல் படிக்கும் நமக்குப் புதிதல்ல. வீலில் 144 பல் இருந்தால் வார்ம் ஒரு சுற்றுச் சுற்ற சுமார் 10 நிமிடம் ஆகும். வார்மைக் கடைந்ததில் இம்மியளவு பிசகு இருந்தால்கூட, ஒவ்வொரு 10 நிமிடத்துக்கும் ஒரு தடவை டெலஸ்கோப் முன்னே ஓடிப் பின்னே வரும். மலிவு மவுண்ட்களில் இது 30, 40 விகலை வரைகூடப் போகும். படத்தில் நட்சத்திரம் புள்ளியாக விழாமல் புழுவாக விழும்.

இதைச் சரிசெய்ய, பிரதான டெலஸ்கோப்பின் முதுகில் இன்னொரு சின்ன டெலஸ்கோப்பைப் பொருத்தி, அதில் ஒரு சிறு கேமராவை மாட்டுகிறோம். அந்தக் கேமரா ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அது கொஞ்சம் நகர்ந்தாலும் கம்ப்யூட்டர் மவுண்டுக்கு, "இந்தப் பக்கம் தள்ளு" என்று உத்தரவு போடும். பி.எச்.டி.2 என்ற மென்பொருள் இதை இலவசமாகவே செய்கிறது.

நம்ம ஊர் பாஷையில் சொன்னால் இது கோர்வைத் தறியில் பக்கத்தில் உட்காரும் துணை ஆள் மாதிரி. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் மூன்று நாடாக்கள் ஓட, ஓரத்துக் கரை நாடாவைத் துணை ஆள் தள்ளுவார். சேலையை நெய்வது அவர் அல்ல. ஆனால் அவர் பிசகினால் கரை பிசகும்.

அன்று கண்ணால், இன்று கேமராவால்

"பெரிசா வாங்கணும்" என்ற எண்ணம் எனக்கு எங்கிருந்து வந்தது? பழைய புத்தகங்களில் இருந்துதான். கைடு ஸ்கோப்பின் குவியத் தூரம் பிரதான டெலஸ்கோப்பின் அளவுக்காவது இருக்க வேண்டும் என்று அவற்றில் எழுதியிருக்கும். அது அந்தக் காலத்துக்குச் சரியான பேச்சு. அப்போது கைடு ஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு மனிதர்களே உட்கார்ந்திருந்தார்கள். குறுக்குக் கம்பியை விட்டு நட்சத்திரம் விலகுகிறதா என்று பார்த்து, விலகினால் கையாலேயே திருத்துவார்கள். கண்ணுக்குத் தெரிய உருப்பெருக்கம் அதிகம் வேண்டும். அதற்கு நீளமான குழாய் வேண்டும்.

1887-ல் பாரிஸில் கூடிய வானியலாளர்கள் வானம் முழுவதையும் போட்டோ எடுத்து வரைபடமாக்குவது என்று தீர்மானித்தார்கள். நம் நாட்டில் ஹைதராபாத் நிஜாமியா ஆய்வகமும் இந்த வேலையில் பங்கெடுத்தது. இதற்கு முன்மாதிரியாக இருந்தது பாரிஸில் ஹென்றி சகோதரர்கள் 1885-ல் அமைத்த கருவி. அதில் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி உண்டு. 33 செ.மீ. போட்டோ லென்ஸும், பக்கத்திலேயே வழிகாட்டும் லென்ஸும் ஒரே செவ்வகப் பெட்டிக்குள் இருந்தன. இரண்டும் தனித்தனியாக வளைந்துவிடக் கூடாது என்பது அவர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது. நான் அந்தப் பெட்டியை விட்டுவிட்டு நீளத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன்!

இன்றைக்குக் கண்ணுக்குப் பதில் கேமரா இருக்கிறது. நட்சத்திரத்தின் ஒளி பல பிக்சல்களில் பரவி விழுவதால், அதன் மையத்தை மென்பொருள் ஒரு பிக்சலில் பத்தில் ஒரு பங்கு வரைகூடக் கணக்கிட்டுவிடும். ஆகவே நீளமான குழாய்க்கு இப்போது அவசியமே இல்லை.

எங்கள் ஜவ்வாது மலைப் பாடம்

நாங்கள் வாங்கியது 70 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத் தூரமும் உள்ள நீளக் குழாய். பிரதான டெலஸ்கோப்பின் குவியத் தூரமோ 400 மி.மீ.தான். எஜமானைவிட வேலைக்காரன் உயரம்! குழாயைத் தாங்க இரண்டு வளையங்கள், ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக் நுனி வைத்த மூன்று திருகுகள்.

தை மாத அமாவாசை ஒட்டிய ஒரு சனிக்கிழமை, வேலூர், வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினோம். காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் மலை. 1986-ல் அங்கே 2.34 மீட்டர் டெலஸ்கோப்பைத் திறந்து வைத்தார்கள். 1988-ல் அங்குள்ள 45 செ.மீ. ஷ்மிட் டெலஸ்கோப்பில்தான் பேராசிரியர் ராஜமோகன் 4130 ராமானுஜன் என்ற குறுங்கோளைக் கண்டுபிடித்தார். அந்த மலைக்காற்று பட்டாலே படம் நன்றாக வந்துவிடும் என்பதுபோல் ஓர் உற்சாகம் எங்களுக்கு.

மிருகசீரிட நெபுலாவுக்கு நேரே வைத்து, 5 நிமிடம் 5 நிமிடமாக எடுத்தோம். லேப்டாப்பில் கைடிங் கிராஃப் தண்டவாளம் போல் நேராக ஓடியது. எல்லாருக்கும் சந்தோஷம். விடிந்து, ஊருக்கு வந்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அத்தனை நட்சத்திரமும் குட்டிக் குட்டிக் கோடு! கிராஃப் நேராக இருக்கிறது, படம் மட்டும் இழுபட்டிருக்கிறது. இது எப்படி? மூன்று நாள் யாருக்கும் புரியவில்லை. பணம் கொடுத்தவர்களின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

நான்காம் நாள் அந்தத் தறிக்கார நண்பன்தான் சொன்னான்: "கைடு ஸ்கோப் தான் பார்க்கிற நட்சத்திரத்தை சரியாத்தான் பிடிச்சிருக்கு. ஆனா அது உட்கார்ந்திருக்கிற இடமே மெதுவா சாயுது. அது சாயறதுக்குத் தகுந்தாப்ல பெரிய டெலஸ்கோப்பையும் இழுத்திருக்கு."

டயல் கேஜ் சொன்ன உண்மை

மெட்ராலஜி லேபில் அனுமதி கேட்டு ஒரு சோதனை செய்தோம். இது நீங்கள் எல்லோரும் செய்யக்கூடியது.

பிரதான குழாயின் மேல் டயல் கேஜை இறுக்கினோம். அதன் முனை கைடு ஸ்கோப்பைத் தொடும்படி, முன் வளையத்திலிருந்து 150 மி.மீ. தள்ளி வைத்தோம். டெலஸ்கோப்பை முதலில் படுக்கையாக வைத்து ஊசியைப் பூஜ்ஜியத்தில் நிறுத்தினோம். பிறகு மெதுவாகச் செங்குத்தாக நிமிர்த்தினோம். கிழக்கில் உதித்த நட்சத்திரம் உச்சிக்கு வர 6 மணி நேரத்தில் டெலஸ்கோப் செய்யும் பயணம் இதுதான். ஊசி 45 கோடு நகர்ந்தது. ஒரு கோடு 0.01 மி.மீ. என்றால் மொத்தம் 0.45 மி.மீ.

சின்னதுதானே என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள்.

0.45-ஐ 150-ஆல் வகுத்தால் 0.003 ரேடியன். ஒரு ரேடியனுக்கு 2,06,265 விகலை. பெருக்கினால் சுமார் 619 விகலை. 6 மணி நேரத்தில் 5 நிமிடத் துண்டுகள் 72. ஆக, ஒரு படத்துக்குள் சாய்வு சுமார் 8.6 விகலை. எங்கள் படத்தில் ஒரு பிக்சல் 2.2 விகலை. அப்படியென்றால் நட்சத்திரம் 4 பிக்சல் நீளத்துக்கு இழுபட வேண்டும். படத்தில் எண்ணிப் பார்த்தோம். 4 பிக்சல்!

மூன்று நாள் மர்மம் ஒரு டயல் கேஜில் தீர்ந்தது. குற்றவாளிகள் இரண்டு பேர்: பிளாஸ்டிக் நுனித் திருகுகள், நீளமான குழாய். எஸ்.ஓ.எம். பாடத்தில் கேண்டிலீவரின் தொய்வு நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும் என்று படித்தோமே, அதேதான். நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு எட்டு மடங்கு.

வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

இனி காரியத்துக்கு வருவோம். கடைக்காரர் சொல்வதைக் கேட்குமுன் இந்த நான்கையும் நீங்களே பாருங்கள்.

1. கைடிங் தேவையா? சாதாரண கேமரா லென்ஸில், 135 மி.மீ. வரை எடுக்கிறீர்கள் என்றால், பெரும்பாலும் தேவையில்லை. மோட்டார் மவுண்டில் 30 முதல் 60 வினாடிப் படங்களாக நூறு எடுத்து, மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளலாம். இழுபட்ட படங்களைக் கழித்துவிட்டால் போதும். ஒரு பைசா செலவில்லை.

2. பிக்சல் கணக்கு. பிக்சலின் அளவை மைக்ரானில் எடுத்து 206-ஆல் பெருக்கி, குவியத் தூரத்தால் (மி.மீ.) வகுங்கள். ஒரு பிக்சலுக்கு எத்தனை விகலை என்பது கிடைக்கும். எங்கள் கேமராவின் பிக்சல் 4.3 மைக்ரான், டெலஸ்கோப் 400 மி.மீ. ஆக 2.2 விகலை. கைடு கேமராவின் பிக்சல் 3.75 மைக்ரான். அதை 120 மி.மீ. குட்டி கைடு ஸ்கோப்பில் வைத்தால் 6.4 விகலை. கைடு பக்கத்து எண், படத்துப் பக்கத்து எண்ணைப் போல் 5 மடங்குக்குள் இருந்தால் தாராளம். எங்களுக்கு 3 மடங்குதான் வருகிறது. 30 மி.மீ. விட்டமும் 120 மி.மீ. குவியத் தூரமும் உள்ள உள்ளங்கை அளவுக் குழாயே எங்களுக்குப் போதுமாயிருந்தது!

1000 மி.மீ. நியூட்டோனியன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பிக்சல் 0.89 விகலை. 5 மடங்கு என்றால் 4.4. அதற்கு 175 மி.மீ.க்குக் குறையாத கைடு ஸ்கோப் வேண்டும். 50 மி.மீ. ஃபைண்டர் அளவுள்ளது பொருந்தும். அதற்கும் மேலே, 1500, 2000 மி.மீ. என்று போனால் தனிக் குழாயை மறந்துவிட்டு, பிரதான டெலஸ்கோப்பின் ஒளியிலேயே ஒரு ஓரத்தைச் சிறு பிரிசத்தால் திருப்பிப் பார்க்கும் ஆஃப் ஆக்சிஸ் கைடர்தான் சரி.

3. கைடு நட்சத்திரம் கிடைக்குமா? எங்கள் கைடு கேமராவின் சென்சார் 4.8 மி.மீ. அகலம், 3.6 மி.மீ. உயரம். 700 மி.மீ. குழாயில் அது பார்ப்பது 0.39 பாகை அகலம். முழு நிலாவைவிடக் குறைவு. அதற்குள் பிரகாசமான நட்சத்திரம் அகப்படாமல் குழாயை அங்கும் இங்கும் திருப்ப வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அந்தத் திருகு வளையங்களே! 120 மி.மீ. குழாயில் 2.3 பாகை அகலம் தெரிகிறது. பரப்பில் 34 மடங்கு. எங்கே திருப்பினாலும் ஏதாவது ஒரு நட்சத்திரம் உள்ளே இருக்கும். ஆகவே திருகும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். நேராக போல்ட் போட்டு இறுக்கிவிடலாம்.

4. எடை. மவுண்ட் தாங்கும் என்று சொல்லப்படும் எடையில் பாதி அளவுக்குள் நிறுத்திக்கொள்வது போட்டோவுக்கு நல்லது. நீளக் குழாயும் வளையங்களும் சேர்ந்து 2 கிலோவைத் தாண்டின. குட்டிக் குழாய் கால் கிலோ, அரைக் கிலோ விவகாரம்.

பைசா குறைவா? லேத் இருக்கிறதே!

டெலஸ்கோப்போடு வந்த 9x50 ஃபைண்டர் உங்களிடம் சும்மா கிடக்கிறதா? அதுவே நல்ல கைடு ஸ்கோப். 50 மி.மீ. லென்ஸ், குவியத் தூரம் பெரும்பாலும் 180 மி.மீ.யை ஒட்டி இருக்கும். ஒரு வெள்ளைத் தாளில் தூரத்துக் கோபுரத்தின் பிம்பத்தை விழவைத்து, லென்ஸிலிருந்து தாள் வரை ஸ்கேலால் அளந்தால் உங்கள் லென்ஸின் கணக்கு கிடைத்துவிடும். (சூரியனை வைத்து இந்தச் சோதனை செய்யவே கூடாது. தாள் தீப்பற்றும், கண் போய்விடும்.)

பின்னால் உள்ள ஐபீஸைக் கழற்றிவிட்டு, அந்த இடத்துக்கு அலுமினிய ராடில் ஒரு அடாப்டர் கடைந்துகொள்ளுங்கள். கைடு கேமராவின் மூக்கு 31.75 மி.மீ. விட்டம். துளையை 31.8 என்று போரிங் செய்து, பக்கவாட்டில் திருகு வைத்தால் கேமரா கச்சிதமாக உட்காரும். ஃபைண்டரோடு வரும் ஸ்பிரிங் வைத்த பிராக்கெட்டை மட்டும் பயன்படுத்தாதீர்கள். ஸ்பிரிங் என்றாலே அசைவு. அதற்குப் பதில், குழாயின் அளவுக்கே போர் செய்து நடுவில் வெட்டிய இரண்டு அலுமினியக் கிளாம்ப்கள் போதும். நாங்கள் செய்து மாட்டி மறுபடி டயல் கேஜ் வைத்தபோது ஊசி ஒரு கோடுகூட முழுதாக நகரவில்லை.

கேமராவை மட்டும் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டும். அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள். கருப்பு வெள்ளை சென்சார் உள்ளதாகப் பாருங்கள். கலர் சென்சாரைவிட மங்கல் நட்சத்திரங்களை அது நன்றாகப் பிடிக்கும்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு மட்டும்

நம் ஊர் அட்சரேகை 12.8 பாகை. ஆகவே துருவ நட்சத்திரமும் தொடுவானத்துக்கு மேல் ஏறக்குறைய 13 பாகையிலேயே நிற்கும். இதனால் இரண்டு தொல்லை. ஒன்று, குளிர் நாடுகளை மனதில் வைத்துச் செய்த சில மவுண்ட்களை 15 அல்லது 20 பாகைக்குக் கீழே சாய்க்கவே முடியாது. வாங்குமுன் கேளுங்கள். இரண்டு, ஏதாவது குறுக்கே வந்து நட்சத்திரத்தை மறைத்துவிடும். ஏகாம்பரநாதர் கோயிலில் கிருஷ்ணதேவராயர் 1509-ல் கட்டிய தெற்கு ராஜகோபுரம் சுமார் 58 மீட்டர் உயரம். 58-ஐ டான் 12.8-ஆல் வகுத்தால் 255 மீட்டர். அதாவது கோபுரத்துக்கு நேர் தெற்கே கால் கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் துருவ நட்சத்திரம் கோபுரத்துக்குப் பின்னால்தான்!

கவலை வேண்டாம். கைடு ஸ்கோப்பே இங்கேயும் உதவும். தெற்கு உச்சியில் உள்ள ஒரு நட்சத்திரத்தையும், கிழக்கில் தாழ்வாக உள்ள ஒன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்து, அவை மேலே கீழே நகர்வதை வைத்து அச்சைச் சரிசெய்யும் முறை பி.எச்.டி.2-விலேயே உண்டு. துருவ அச்சு கோணலாக இருந்தால் எவ்வளவு நல்ல கைடிங்கும் முழுசாகக் காப்பாற்றாது. கைடு நட்சத்திரத்தைச் சுற்றிப் படமே மெல்லச் சுழன்றுவிடும்.

இன்னொன்று, பனி. மார்கழி, தை இரவுகளில் சின்ன லென்ஸில் பனி படிந்து நட்சத்திரம் காணாமல் போகும். கருப்பு சார்ட் பேப்பரைச் சுருட்டி லென்ஸுக்கு முன்னால் 10, 15 செ.மீ. நீளத்துக்கு மாட்டுங்கள். இரண்டு ரூபாய் வைத்தியம். கேமரா வயரும் தொங்கக் கூடாது. குழாயோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

முடிவாக

நீளக் குழாயைப் பாதி விலைக்கு விற்றோம். மீதி நஷ்டத்தை நான்தான் சரிக்கட்டினேன், தவணை முறையில்! அடுத்த மாதமே அமாவாசைக்கு மறுபடி அதே மலை. கையால் கடைந்த அடாப்டரோடு 5 நிமிடப் படங்கள் முப்பது எடுத்தோம். மொத்தம் இரண்டரை மணி நேர வெளிச்சம். மிருகசீரிட நெபுலாவின் சிறகுகள் விரிந்து வந்தன. நட்சத்திரங்கள் குண்டூசி முனையாக நின்றன. அந்தப் படத்தின் முதல் பிரிண்ட் தறிக்கார நண்பனின் வீட்டில், தறிக்குழிக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறது.

அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்றே சொல்கிறேன். கைடு ஸ்கோப்பில் பெரிசு, சிறிசு பார்க்காதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், இறுக்கமாகப் பொருத்துங்கள், ஒரு தடவை டயல் கேஜ் வைத்துச் சோதியுங்கள். அடாப்டரின் டிராயிங் என்னிடம் இருக்கிறது. கேட்டால் தருகிறேன். லேத்தில் கடைய கூடவே வந்தும் நிற்கிறேன்.